குரூப் போட்டோவில் என் முகம் எங்கே?

உங்கள் கிரேயான் பெட்டியைக் கொஞ்சம் எடுத்து வாருங்கள். சிவப்பு, பச்சை, நீலம் எல்லாம் இருக்கும். ஓர் ஓரத்தில், மஞ்சளும் இல்லாமல் ரோஸும் இல்லாமல், வெளிறிப்போன ஒரு குச்சி இருக்கிறதா? அதற்கு என்ன பெயர்? "இதுகூடத் தெரியாதா? ஸ்கின் கலர்!" என்று நீங்கள் சொல்வது என் காதில் விழுகிறது.

சரி, அந்தக் குச்சியை உங்கள் கை மேல் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே நிறமா?

முப்பது வருடங்களுக்கு மேல் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுத்தவள் நான். 'என் குடும்பம்' என்று தலைப்புக் கொடுத்து, படம் வரையச் சொல்லியிருக்கிறேன். அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி எல்லோரையும் பிள்ளைகள் அந்த வெளிறிய குச்சியால்தான் தீட்டுவார்கள். ஒரு பையனின் அப்பா செங்கல் சூளையில் வேலை பார்ப்பவர். வெயிலில் நின்று நின்று கன்னங்கரேலென்று இருப்பார். படத்தில் அவர் ரோஜாப்பூ மாதிரி இருந்தார்! "ஏன்டா, உங்க அப்பா இப்படியா இருப்பார்?" என்று கேட்டேன். "மனுசனுக்கு ஸ்கின் கலர்தானே டீச்சர் அடிக்கணும்?" என்று திருப்பிக் கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பெட்டியில் அப்படித்தானே அச்சடித்திருந்தது!

யார் வைத்த பெயர்?

அமெரிக்காவில் 'பின்னி அண்டு ஸ்மித்' என்ற நிறுவனம் 1903-ஆம் ஆண்டு 'கிரேயோலா' என்ற பெயரில் 8 கிரேயான்கள் கொண்ட பெட்டியை விற்கத் தொடங்கியது. விலை 5 சென்ட். 'கிரேயோலா' என்ற பெயரை வைத்தவர் பின்னியின் மனைவி ஆலிஸ். அவர் ஒரு பள்ளி ஆசிரியை. (ஆசிரியைகள் என்றால் சும்மாவா!)

நாளடைவில் நிறங்கள் பெருகின. அதில் ஒரு வெளிர் நிறத்துக்கு ஆங்கிலத்தில் 'ஃபிளெஷ்' என்று பெயர் வைத்தார்கள். அதாவது, மனித உடம்பின் நிறம். வெள்ளைக்காரர்களின் உடம்பு நிறம்தான் அது. ஆனால் அமெரிக்காவில் வெள்ளையர் மட்டுமா இருந்தார்கள்? ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்து வரப்பட்டவர்களின் வழி வந்த கறுப்பின மக்கள் கோடிக்கணக்கில் இருந்தார்கள். அடிமை முறை 1865-ஆம் ஆண்டே சட்டப்படி ஒழிந்துவிட்டது. ஆனாலும் தென் மாநிலங்களில் வெள்ளையருக்கு ஒரு பள்ளி, கறுப்பினத்தவருக்கு ஒரு பள்ளி. குடிநீர்க் குழாய்கூடத் தனித்தனி. 1955-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் தேதி, மாண்ட்கோமரி நகரில் பேருந்தில் வெள்ளைக்காரருக்காக எழுந்து இடம்விட மறுத்ததற்காக ரோசா பார்க்ஸ் என்ற பெண்மணியைக் கைது செய்தார்கள். அதை எதிர்த்து அந்த ஊர்க் கறுப்பின மக்கள் 381 நாட்கள் பேருந்தில் ஏறாமல் இருந்தார்கள். மார்ட்டின் லூதர் கிங் தலைவரானது அந்தப் போராட்டத்தில்தான்.

நாடே இப்படிக் கொதித்துக்கொண்டிருந்த காலத்தில், 1962-ஆம் ஆண்டு, அந்தக் கிரேயானின் பெயரை நிறுவனம் மாற்றியது. 'ஃபிளெஷ்' போய் 'பீச்' வந்தது. பீச் என்பது குளிர்ப் பிரதேசத்தில் விளையும் ஒரு பழம். குச்சி அதே குச்சி, நிறம் அதே நிறம். பெயர் மட்டும்தான் மாறியது.

ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். அங்கே பெயர் மாறி எத்தனையோ வருடம் ஆன பிறகும், நம்மூர்க் கடைகளில் விற்ற சில பெட்டிகளில் அதே வெளிர் நிறத்துக்கு 'ஸ்கின்' என்றுதான் அச்சடித்திருந்தது. வாங்குகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் மாநிறமும் கறுப்பும்!

ஒரு குச்சியின் பெயரில் என்ன இருக்கிறது?

நீங்கள் இப்படிக் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு ஒரு பொம்மைக் கதை சொல்கிறேன்.

அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்று ஒரு கறுப்பினத் தம்பதி இருந்தார்கள். இருவரும் மனோதத்துவ அறிஞர்கள். 1940-களில் அவர்கள் 3 முதல் 7 வயது வரையிலான கறுப்பினக் குழந்தைகளிடம் நான்கு பொம்மைகளைக் காட்டினார்கள். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. இரண்டு மட்டும் வெள்ளை, இரண்டு பழுப்பு. "எது நல்ல பொம்மை? எதோடு விளையாட ஆசை?" என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். பழுப்புப் பொம்மைதான் 'கெட்ட' பொம்மையாம்! கடைசியாக, "உன்னை மாதிரி இருப்பது எது?" என்று கேட்டபோது, சில குழந்தைகள் பதில் சொல்லாமல் அழுதுகொண்டே வெளியே ஓடிவிட்டார்கள்.

அந்தக் குழந்தைகளுக்கு அப்படி யார் சொல்லிக் கொடுத்தது? ஒருவர் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்த பாடம் அல்ல அது. தனிப் பள்ளி, தனிக் குழாய், படக் கதைகளில் வரும் முகங்கள், கடையில் தொங்கும் பொம்மைகள் எல்லாம் சேர்ந்து, வாய் திறக்காமலே சொல்லிக் கொடுத்துவிட்டன. நிறத்தைப் பார்த்துக் குழந்தைகளைத் தனித்தனிப் பள்ளியில் படிக்க வைப்பது சட்டத்துக்கு விரோதம் என்று 1954-ஆம் ஆண்டு மே 17-ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின் அடிக்குறிப்பில் கென்னத் கிளார்க்கின் ஆய்வும் இடம்பெற்றது.

உண்மையில் தோல் நிறத்தில் இருப்பது என்ன? மெலனின் என்ற ஒரு பொருள், அவ்வளவுதான். அது எல்லோர் தோலிலும் உண்டு. அளவுதான் கூடும், குறையும். வெயில் சுள்ளென்று அடிக்கும் பகுதிகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களுக்கு மெலனின் அதிகம். சூரியனின் புற ஊதாக் கதிர்களிலிருந்து காப்பாற்றும் குடை அது. உலகத்தின் எந்த மூலையிலிருந்து இரண்டு பேரைக் கூட்டி வந்தாலும், அவர்களுடைய டி.என்.ஏ. சுமார் 99.9 சதவிகிதம் ஒன்றாகவே இருக்கும்.

நான் செய்த தவறு

இப்போது என் கதை ஒன்று. சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

1987-ஆம் ஆண்டு. நான் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. எங்கள் பள்ளியில் முதன்முதலாகக் கலரில் குரூப் போட்டோ எடுத்தோம். முதல் நாளே பெஞ்சுகளைத் தூக்கி வந்து வெளியில் போட்டுவிட்டார்கள் பிள்ளைகள். சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவர் முன்னால் மூன்று வரிசை. நடுவில் நாற்காலியில் தலைமை ஆசிரியர், பக்கத்தில் நான். பக்கத்து டவுனிலிருந்து வந்த ஸ்டூடியோக்காரர் கறுப்புத் துணிக் குடையெல்லாம் விரித்து, "யாரும் ஆடாதீங்க, கண்ணை மூடாதீங்க" என்று பத்துத் தடவை சொல்லிவிட்டு எடுத்தார்.

பதினைந்து நாள் கழித்துப் படம் வந்தது. வகுப்பே என் மேசையைச் சுற்றி மொய்த்துக்கொண்டது. தலைமை ஆசிரியர் நல்ல சிவப்பு. அவருடைய மீசை முடியைக்கூட எண்ணிவிடலாம். நானும் ஓரளவு தெரிந்தேன். பின்வரிசையில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு முகமே இல்லை. பல்லும் கண்ணும் சட்டைக் காலரும்தான் இருந்தன. ஒரு மாணவி வெகுநேரம் தேடிவிட்டு, "டீச்சர், நான் எங்கே டீச்சர்?" என்று கேட்டாள். அவள் தலையில் கட்டியிருந்த வெள்ளை ரிப்பனை வைத்து, "இதோ, இதுதான் நீ" என்று விரலால் தொட்டுக் காட்டினேன். அதோடு விட்டிருக்கலாம். "அடுத்த வருஷம் மூஞ்சிக்குக் கொஞ்சம் பவுடர் போட்டுக்கிட்டு வா கண்ணு" என்றும் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

அடுத்த வருடம் அவள் ஆறாம் வகுப்பு. அந்தப் படத்தை நான் பார்த்தேன். நான் சொன்னபடியே பவுடரை அப்பிக்கொண்டு வந்திருந்தாள். சாம்பல் பூசினது போல ஒரு முகம் அந்தப் படத்தில் இருந்தது.

சுவரின் வெள்ளையும் அன்றைய உச்சி வெயிலும் அந்தப் படத்தைக் கெடுத்தது உண்மைதான். ஆனால் இன்னொரு காரணமும் உண்டு என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிய வந்தது. அதைக் கேளுங்கள்.

ஷெர்லி அட்டை

செல்போனில் படம் எடுக்கும் உங்களுக்கு ஃபிலிம் ரோல் தெரியாது. அந்தக் காலத்தில் கேமராவுக்குள் படச்சுருளை மாட்ட வேண்டும். கலர் ஃபிலிமில் மெல்லிய பல அடுக்குகள் இருக்கும். முக்கியமானவை மூன்று. ஒன்று நீல ஒளியைப் பிடிக்கும், ஒன்று பச்சையை, ஒன்று சிவப்பை. எந்த அடுக்கில் என்ன ரசாயனம், எவ்வளவு என்பதெல்லாம் தானாக அமைவது இல்லை. தொழிற்சாலையில் மனிதர்கள் உட்கார்ந்து தீர்மானிப்பது. 'இந்தப் படம் நன்றாக வந்திருக்கிறது' என்று அவர்கள் எப்போது சொல்கிறார்களோ, அதுதான் கணக்கு.

ஃபிலிமைக் கழுவிப் பிரிண்ட் போடும் லேபிலும் ஒரு கணக்கு வேண்டும் அல்லவா? அதற்காக அமெரிக்காவின் கோடாக் நிறுவனம் 1950-களிலிருந்து ஒரு மாதிரி அட்டையை லேப்களுக்கு அனுப்பியது. அதில் ஓர் இளம்பெண்ணின் படம் இருக்கும். பளிச்சென்ற வெள்ளை நிறம். முதலில் அப்படி நின்று படம் எடுத்துக்கொண்டவர் அங்கே வேலை பார்த்த ஷெர்லி என்ற பெண். பிறகு வேறு வேறு பெண்கள் வந்தாலும் அட்டைக்கு 'ஷெர்லி அட்டை' என்றே பெயர் நிலைத்துவிட்டது. லேப்காரர் பிரிண்டில் நிறத்தைச் சரிபார்க்கும்போது இந்த அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். ஷெர்லியின் முகம் சரியாக வந்துவிட்டதா? அப்படியானால் எல்லாம் சரி!

ஷெர்லி மாதிரி இல்லாதவர்களின் கதி? ஒரே படத்தில் வெள்ளைக் குழந்தையும் கறுப்பினக் குழந்தையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால், வெள்ளைக் குழந்தையின் முகம் தெளிவாக விழும். மற்றக் குழந்தையின் முகம் இருட்டுக்குள் போய்விடும். பள்ளிகள் தனித்தனியாக இருந்தவரை இது அவ்வளவாக வெளியே தெரியவில்லை. ஒன்றாகப் படிக்கத் தொடங்கியபோது, வகுப்புப் படங்களில் பிள்ளையின் முகம் தெரியவில்லை என்று கறுப்பினப் பெற்றோர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். ஆனால் ஃபிலிம் செய்தவர்கள் அதைப் பெரிய குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு ஃபிலிம் எப்படித்தான் மாறியது? இங்கேதான் எனக்குக் கோபமும் வருகிறது, சிரிப்பும் வருகிறது. 1960-களிலும் 1970-களிலும் இரண்டு தொழில்காரர்கள் கோடாக் நிறுவனத்திடம் முறையிட்டார்கள். ஒருவர் சாக்லெட் தயாரிப்பவர். "எங்கள் பால் சாக்லெட்டுக்கும் கறுப்பு சாக்லெட்டுக்கும் விளம்பரப் படத்தில் வித்தியாசமே தெரியவில்லையே!" இன்னொருவர் மேசை நாற்காலி செய்பவர். "வெளிறிய மரம், கறுத்த மரம், எல்லாம் ஒரே மாதிரி விழுகிறதே!" உடனே ஆராய்ச்சி நடந்தது. பழுப்பு நிறத்தின் பல சாயல்களையும் பிடிக்கும்படி ஃபிலிமைத் திருத்தினார்கள். மனிதர்களின் முகத்துக்காகத் திருந்தாத ஃபிலிம், சாக்லெட்டுக்காகவும் மரப்பலகைக்காகவும் திருந்தியது. கனடா நாட்டுப் பேராசிரியை லோர்னா ராத், கோடாக்கில் வேலை பார்த்தவர்களையே நேரில் கேட்டு இந்தக் கதையை 2009-ஆம் ஆண்டு எழுதினார். 1990-களின் நடுவில்தான் வெள்ளை, கறுப்பு, ஆசியப் பெண்கள் மூவர் சேர்ந்து இருக்கும் ஷெர்லி அட்டை வந்தது.

இந்தக் கதையைப் படித்த அன்று, ரிப்பன் கட்டிய அந்த மாணவியைத்தான் நினைத்துக்கொண்டேன். குறை கருவியில் இருந்தது. நான் குழந்தையின் முகத்தைத் திருத்தச் சொன்னேன்.

கோடாக் பொறியாளர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். தங்களைப் போன்றவர்களையே மனதில் வைத்துக்கொண்டு செய்தார்கள், தங்களைப் போன்றவர்களிடமே சரிபார்த்தார்கள். வலது கைக்காரர்கள் செய்த கத்தரிக்கோலால் வெட்டிப் பார்த்த இடது கைப் பிள்ளைகளுக்கு இது நன்றாகப் புரியும்!

காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியின் கதையும் இதேதான். 1920-ஆம் ஆண்டு ஏர்ல் டிக்சன் என்பவர், சமையலறையில் அடிக்கடி விரலை வெட்டிக்கொள்ளும் தம் மனைவிக்காகச் செய்த பொருள் அது. பல காலம் அதற்கு வெளிறிய நிறம்தான் இருந்தது. அமெரிக்காவில் ஒரு கறுப்பினத்தவர் தம் நிறத்திலேயே உள்ள ஒரு பிளாஸ்திரியை முதன்முதலாக விரலில் ஒட்டிப் பார்த்துவிட்டுக் கண் கலங்கியதாக 2019-ஆம் ஆண்டு எழுதினார். அப்போது அவருக்கு வயது 45.

விரலில் மாட்டும் கருவி

படமும் பிளாஸ்திரியும் போகட்டும். உயிர் காக்கும் கருவியிலேயே இந்தக் குறை இருந்தால்?

2020, 2021-ஆம் ஆண்டுகளில் கொரோனா வந்தபோது, சட்டைக்கு மாட்டும் கிளிப் போன்ற ஒரு சின்னக் கருவியை உங்கள் வீட்டுப் பெரியவர்களின் விரலில் மாட்டிப் பார்த்தார்கள், நினைவிருக்கிறதா? அதன் பெயர் பல்ஸ் ஆக்சிமீட்டர். ரத்தத்தில் பிராண வாயு எவ்வளவு இருக்கிறது என்று ஊசி குத்தாமலே சொல்லும். ஜப்பானியப் பொறியாளர் டகுவோ அயோயாகி 1970-களில் கண்டுபிடித்த முறை இது. அருமையான கண்டுபிடிப்பு.

டார்ச் விளக்கை விரலுக்கு அடியில் வைத்து எரியவிட்டால் விரல் சிவப்பாகத் தெரியும் அல்லவா? ஒளி விரலுக்குள் புகுந்து வெளியே வருகிறது. இந்தக் கருவியும் அப்படித்தான். ஒரு பக்கம் சிவப்பு ஒளியும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் புறப்படும். மறுபக்கம் ஓர் உணரி, எந்த ஒளி எவ்வளவு வந்து சேர்ந்தது என்று அளக்கும். பிராண வாயு நிறைந்த ரத்தம் ஒருவிதமாகவும், குறைந்த ரத்தம் வேறு விதமாகவும் ஒளியை விழுங்கும். அந்த வித்தியாசத்தை வைத்துக் கருவி கணக்குப் போடுகிறது. ஆனால் நடுவில் தோல் இருக்கிறதே! தோலில் இருக்கும் மெலனினும் ஒளியைக் கொஞ்சம் விழுங்கும்.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020-ஆம் ஆண்டு டிசம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களை எடுத்துக்கொண்டு, ரத்தத்தையே எடுத்துச் சோதித்த அளவோடு ஒப்பிட்டார்கள். வெள்ளை நோயாளிகளில் 100-க்குச் சுமார் 4 தடவை உண்மை அளவு 88-க்கும் கீழே இருந்தது. கறுப்பின நோயாளிகளிடம் 100-க்குச் சுமார் 12 தடவை! அதாவது, நோயாளிக்கு மூச்சுக் காற்று போதவில்லை. கருவியோ, "பரவாயில்லை" என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. 88-க்கும் 92-க்கும் நடுவில் ஒருவருக்கு ஆக்சிஜன் வைப்பதா வேண்டாமா என்ற முடிவே மாறிவிடும்.

ஏன் இப்படி ஆயிற்று? புதிய ஆக்சிமீட்டரைச் சோதிக்க அமெரிக்க அரசின் மருந்துத் துறை 2013-ஆம் ஆண்டு சொல்லியிருந்த வழிமுறையைப் பாருங்கள். குறைந்தது 10 பேரிடம் சோதித்தால் போதும். அதில் கறுத்த தோல் உள்ளவர்கள் இரண்டே பேர் இருந்தால் போதும்! ஆய்வு வெளிவந்த பிறகு, 2021-ஆம் ஆண்டு அதே துறை எச்சரிக்கை விடுத்தது. 2025-ஆம் ஆண்டு ஜனவரியில் புதிய வழிமுறையின் வரைவை வெளியிட்டது. அதில் 150 பேருக்குக் குறையாமல், எல்லா விதமான தோல் நிறத்தவரிடமும் சோதிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது.

இதைப் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் ஆக்சிமீட்டரைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அது பல உயிர்களைக் காப்பாற்றிய கருவி. எண் நன்றாக இருந்தாலும், தாத்தாவுக்கு மூச்சு வாங்கினால் மருத்துவரிடம் ஓடுங்கள். எண்ணைவிட ஆளைப் பாருங்கள்.

வெள்ளை முகமூடி

கம்ப்யூட்டராவது பாரபட்சம் இல்லாமல் நடந்துகொள்ளுமா? ஜாய் புவோலாம்வினி என்ற இளம்பெண்ணுக்கு நடந்ததைக் கேளுங்கள். அவர் குடும்பம் ஆப்பிரிக்காவின் கானா நாட்டிலிருந்து வந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. என்ற புகழ்பெற்ற கல்வி நிறுவனத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, முகத்தைக் கண்டுபிடிக்கும் ஒரு மென்பொருளை வைத்து வேலை செய்தார். கேமரா முன் உட்கார்ந்தால், அது அவர் முகத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. மேசையில் கிடந்த ஒரு வெள்ளை முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டார். உடனே கண்டுபிடித்துவிட்டது! பிளாஸ்டிக் முகமூடி அதற்கு மனித முகமாம், எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதர் முகம் இல்லையாம்.

ஜாய் அழுதுகொண்டு போகவில்லை. (பவுடரும் பூசிக்கொள்ளவில்லை!) கணக்கெடுக்க உட்கார்ந்தார். ருவாண்டா, செனகல், தென்னாப்பிரிக்கா ஆகிய மூன்று ஆப்பிரிக்க நாடுகள், ஐஸ்லாந்து, பின்லாந்து, சுவீடன் ஆகிய மூன்று ஐரோப்பிய நாடுகள், இவற்றின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் 1,270 பேரின் படங்களைச் சேர்த்தார். பெரிய நிறுவனங்களின் மென்பொருள்களிடம் அவற்றைக் கொடுத்து, "இது ஆணா, பெண்ணா?" என்று கேட்டார். டிம்னிட் கெப்ரு என்ற ஆராய்ச்சியாளரும் அவரோடு சேர்ந்து 2018-ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார். வெள்ளை நிற ஆண்கள் என்றால், எந்த மென்பொருளும் 100-க்கு ஒரு தப்புக்கூடச் செய்யவில்லை. கறுத்த பெண்கள் என்றால், ஒரு மென்பொருள் 100-க்குச் சுமார் 35 தப்புச் செய்தது!

காரணம் என்ன தெரியுமா? கம்ப்யூட்டருக்கு முகம் எது என்று கற்றுக்கொடுக்க ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டுவார்கள். அந்தப் படங்களில் பெரும்பாலும் வெள்ளை முகங்களே இருந்தன. பாடப் புத்தகத்தில் இல்லாத கேள்விக்கு அது எப்படிப் பதில் எழுதும்? முடிவு வெளிவந்த பிறகு, அந்த நிறுவனங்கள் தங்கள் மென்பொருளைத் திருத்தின. திரும்பச் சோதித்தபோது தப்புகள் வெகுவாகக் குறைந்திருந்தன. திருத்த முடிகிற குறைதான், யாராவது எண்ணிக் காட்ட வேண்டியிருந்தது.

எத்தனை நிறங்கள்?

கிரேயான் பெட்டிக்கே திரும்பி வருவோம். கிரேயோலா நிறுவனம் 1992-ஆம் ஆண்டு பலவிதத் தோல் நிறங்களுக்கென்று 8 குச்சிகள் கொண்ட பெட்டியைக் கொண்டுவந்தது. 2020-ஆம் ஆண்டு அதுவே 24 நிறமாகப் பெருகியது. 24 போதுமா? பிரேசில் நாட்டுப் புகைப்படக் கலைஞர் ஆஞ்சலிகா டாஸ் என்பவரைக் கேட்டால் சிரிப்பார். பள்ளியில் 'உடம்பு நிறம்' என்று ஒரு பென்சிலைக் கையில் கொடுத்தபோது குழம்பிப்போன பழுப்பு நிறச் சிறுமி அவர். 2012-ஆம் ஆண்டு முதல் பல நாடுகளிலும் மனிதர்களைப் படம் எடுத்து வருகிறார். ஒவ்வொருவரின் மூக்கிலிருந்தும் ஒரு புள்ளி அளவு நிறத்தை எடுத்து, அதே நிறத்தைப் படத்தின் பின்னணியாகப் பூசிவிடுவார். கீழே அச்சுத் தொழிலில் பயன்படும் வண்ண எண்ணை எழுதுவார். ஆயிரக்கணக்கான படங்கள் சேர்ந்துவிட்டன. அதில் சுத்த வெள்ளையாகவும் ஒருவர் இல்லை, சுத்தக் கறுப்பாகவும் ஒருவர் இல்லை.

நம் தமிழில்தான் இதற்கு எத்தனை சொற்கள்! மாநிறம், புதுநிறம், மாந்தளிர் நிறம், எலுமிச்சை நிறம், கருகரு, கருஞ்சிவப்பு... 'ஸ்கின் கலர்' என்ற ஒரே குச்சிக்குள் இத்தனையையும் அடைத்துவிட்டோமே!

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய சில வருடங்களில் என் வகுப்பில் ஒன்று செய்தோம். நீங்களும் செய்து பார்க்கலாம். போஸ்டர் கலரில் சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை நான்கும் வாங்கிக்கொள்ளுங்கள். கலக்குவதற்குக் கொட்டாங்குச்சி போதும். முதலில் மஞ்சளையும் சிவப்பையும் கலந்தால் ஆரஞ்சு வரும். அதில் நீலத்தைச் சேர்த்தால் பழுப்பாக மாறும். வெளிற வைக்க வெள்ளை. கலந்ததை ஒரு குச்சியால் தொட்டு உங்கள் கையில் ஒரு கோடு இழுங்கள். கோடு கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிட்டால், அதுதான் உங்கள் நிறம்.

எங்கள் வகுப்பில் 38 பேர். ஒருவருடைய கொட்டாங்குச்சி மாதிரி இன்னொருவருடையது இல்லை. ஒரு பையன் மட்டும் ரொம்ப நேரம் திணறினான். கடைசியில் பார்த்தால், அவன் உள்ளங்கைக்கு ஒரு நிறம், புறங்கைக்கு ஒரு நிறம், சட்டை மூடியிருக்கும் தோளுக்கு ஒரு நிறம் என்று மூன்று கலந்து வைத்திருந்தான்! "இதில் எது டீச்சர் என் ஸ்கின் கலர்?" என்று கேட்டான். மூன்றையும் நோட்டில் தீட்டி, பக்கத்தில் இடத்தின் பெயரை எழுதச் சொன்னேன்.

நீலத்தை மட்டும் கடைசியில், ஊசி முனை அளவு தொட்டுத் தொட்டுச் சேருங்கள். மொத்தமாக ஊற்றினால் பச்சையடித்துவிடும். பிறகு முதலிலிருந்து கலக்க வேண்டியதுதான்.